கார் முதலில், ரிமோட் கடைசியில்

பிள்ளைகளே, பரண்மேல் இருக்கும் அந்த நீலக் காரை எடுத்து விளையாடக் கூடாது என்று நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் விளையாடி முடிக்கும்போதெல்லாம் கடையில் இருந்தபடியே, "கார முதல்ல அணைங்க, ரிமோட்ட கடைசியா அணைங்க" என்று கத்துவேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள். உங்கள் மாமா வீட்டில் இருந்தால் அவர் கத்தமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, நீங்கள் எதை முதலில் அணைக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போவார். அது ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது கேட்கிற வயது வந்துவிட்டது. எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுதிப் பழக்கமில்லை. கடையில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

கடல் பொங்கி வந்த வருஷத்துக்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது. மகளே, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். தம்பி பிறக்கவில்லை. புதுப்பட்டினம் கடைத்தெருவில் நம் ஃபேன்சி ஸ்டோர் இப்போது இருப்பதில் பாதிதான். வளையல், ரிப்பன், பள்ளிக்கூட நோட்டு, பிளாஸ்டிக் பொம்மை. என் அப்பாவும் அம்மாவும் செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான்தான். அதனால் கடையில் விற்ற பொருள் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் வாங்கினவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.

அதிகமாகத் திரும்பி வந்தது ரிமோட் கார்தான். சென்னையில் பாரிமுனைக்குப் போய் மொத்தமாக எடுத்து வருவேன். பெட்டி மேலே மலை, பாலைவனம், புழுதி பறக்கிற படம். உள்ளே இருக்கிற காருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மலிவான காரின் ரிமோட்டில் ஒரே பொத்தான். சும்மா விட்டால் முன்னே ஓடும், அழுத்தினால் பின்னால் வந்து ஒரு பக்கம் திரும்பும். கொஞ்சம் நல்ல காரில் இரண்டு குச்சி இருக்கும். தள்ளினால் முழு வேகம், விட்டால் நின்றுவிடும். திருப்பினால் முழுசாகத் திரும்பும். கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குடியிருக்கிறவர்கள் சம்பளம் வாங்கிய வாரம் குடும்பத்தோடு வந்து வாங்குவார்கள். நான் அவர்கள் எதிரிலேயே பேட்டரி செல் போட்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டிக் காட்டுவேன். "பாத்துக்குங்க சார். ஓடுது இல்ல? கடைய வுட்டு எறங்கிட்டா நான் பொறுப்பில்ல." எல்லாப் பொம்மைக் கடைக்காரனும் சொல்கிறதுதான்.

மறுநாளே சில கார்கள் திரும்பி வரும். கடற்கரையில் ஓட்டியிருப்பார்கள். பல்சக்கரத்தில் மணல் புகுந்து பல் தேய்ந்திருக்கும். உப்புக் காற்றில் செல் மாட்டுகிற கம்பி துருப்பிடித்திருக்கும். துருவைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்துச் சரிசெய்யலாம். மற்றதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே எல்லாம் ஒட்டி மூடியிருக்கும். அந்தப் பல்சக்கரத்தைத் தனியாக எங்கேயும் விற்கமாட்டார்கள். குழந்தை அழும்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு கார்களை ஆன் செய்து வைத்தால், ஒரு ரிமோட்டை அழுத்த இரண்டும் ஓடும். எது எதன் பேச்சைக் கேட்கிறது என்றே தெரியாது. பிள்ளைகள் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும்.

உங்கள் மாமா அந்தச் சமயம் நம்முடன்தான் இருந்தார். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில். உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்கு மச்சான், என்னை மாமா என்று கூப்பிடுவார். கடையில் எனக்கு ஒத்தாசையாக உட்கார்ந்திருப்பார். பொம்மைக் காருக்குச் செல் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

"இத்த நீயே பண்ணு மாமா. இது ஒரு வண்டியா? ஒண்ணு ஓடுது, இல்லாங்காட்டி நிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லியே."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் வரை அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம், மாமல்லபுரம். அவர் ஓட்டினால் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை விழிக்காது என்று வேன் ஓனரே பெருமையாகச் சொல்வார். ஒருநாள் செய்யூர் பக்கம் கல்யாண ஆட்களை இறக்கிவிட்டு வரும்போது, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், மண்பாதையில் இருந்து ஒருவர் மொபெட்டில் வேர்க்கடலை மூட்டையோடு ரோட்டில் ஏறினார். உங்கள் மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி இழுத்துக்கொண்டு போய் மோதியது. அவரே அந்த ஆளைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். சில நாளில் அந்த ஆள் இறந்துபோனார்.

தப்பு உங்கள் மாமா மேல் இல்லை என்று வழக்கு முடிந்தது. இறந்தவர் வீட்டாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் லைசென்ஸை எடுத்து உங்கள் அம்மா கையில் கொடுத்து, "நீயே வச்சிக்க அக்கா" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர் சைக்கிளைக்கூடத் தொடவில்லை. என் மொபெட்டில் பின்னால் உட்காரச் சொன்னாலும் வரமாட்டார். எங்கே போனாலும் நடை. வேன் ஓனர் வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வருவார்.

"இன்னா மச்சான், வண்டி உனக்கோசரம் நின்னுக்கினு கீது. எப்ப வர?"

"வேற ஆள வச்சிக்கோ அண்ணாத்த."

"ஆளு கீறான். ஓட்டறவன் இல்ல."

உங்கள் மாமா தலையைத் தூக்காமல் வளையல் அட்டையைத் துடைப்பார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை. தெரிந்த ஒரே தொழில் அதுதான். அந்தத் தொழிலோடு அந்த மனுஷனும் போய்விடுவானோ என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு ராப்பகலாகக் கவலை. தம்பி சாப்பிடுகிறானா என்று தட்டை எட்டிப் பார்ப்பாள். கல்யாணப் பேச்சை எடுப்பாள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் நீலக் கார் வந்தது. கொண்டுவந்தவர் டவுன்ஷிப்பில் இருந்த ஒரு ஆபீசர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெளிநாட்டுக்கு வேலையாகப் போனபோது வாங்கி வந்த காராம். மகனுக்கு என்று வாங்கி, இவரே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. சாமான் கட்டுகிற நேரத்தில் அவர் மனைவி, "இந்தக் காரு வந்தா நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டாராம். அதனால் பெட்டியோடு நம் கடைக்குத் தூக்கி வந்துவிட்டார்.

"ஏனுங்க, பொம்மை விக்கறவங்க நீங்க. உங்ககிட்ட இருந்தா இது பிழைச்சுக்குமுங்க."

மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். நான் அதுவரை விற்ற எந்தக் காரிலும் உள்ளே இப்படிப் பார்த்ததில்லை. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குள்ளே எண்ணெய். எங்கே பார்த்தாலும் ஸ்க்ரூ. எல்லாமே கழற்றி மாட்டுகிற மாதிரி. ரிமோட் துப்பாக்கி மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டியரிங் சக்கரம். விரலால் விசையைக் கொஞ்சம் இழுத்தால் கார் ஊர்ந்தது, இன்னும் இழுத்தால் ஓடியது. சக்கரத்தை நூல் அளவு திருப்பினால் கார் நூல் அளவுதான் திரும்பியது.

"பொம்மைக் காரும் உடையுமுங்க, இதுவும் உடையுமுங்க. பொம்மை உடைஞ்சா அவ்வளவுதான், குப்பைக்குப் போயிரும். இது உடைஞ்சா எது உடைஞ்சுதுன்னு தெரியும். அத மட்டும் மாத்திக்கலாமுங்க."

போகும்போது புது ஊர் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். ஆரம்பிக்கும்போது ரிமோட்டை முதலில் ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் காரை. முடிக்கும்போது காரை முதலில் அணைக்க வேண்டும், ரிமோட்டைக் கடைசியில்தான்.

"ரிமோட் ஆன்ல இருக்கற வரைக்கும் காரு அது பேச்சக் கேக்குமுங்க. அத அணைச்சுட்டீங்கன்னா, காத்துல வர்ற எவன் பேச்சையும் கேக்கும்."

நான் தலையாட்டினேன். உங்கள் மாமா வளையல் அட்டைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் ஏதோ சின்னதாக ரீங்காரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் இருந்து துணி துவைக்கிற கல் வரை நீலக் கார் போய் வந்துகொண்டிருந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. உங்கள் மாமா குந்தி உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டோம். பேசினால் அந்த ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயம்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, கத்தரிக்கோல், அளவுகோல், கால்குலேட்டர், பூட்டு சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பலகையில் பரப்பியாகிவிட்டது. தெருவில் எல்லாரும் வண்டி வைத்துப் பூஜை போடுகிறார்கள். நம் வீட்டில் என் பழைய மொபெட் ஒன்றுதான். உங்கள் அம்மாவுக்கு ஒரு யோசனை.

"டேய் நைனா, உன் காருக்கும் பூஜை போட்டுடலாம்டா. அதுவும் வண்டிதான."

"இன்னா அக்கா, பொம்மைக்கா?"

"பொம்மன்னு நீதான சொல்ற. நாலு சக்கரம் இல்ல? ஸ்டேரிங் இல்ல?"

கூடையைக் கிளறி, இருப்பதிலேயே சின்ன எலுமிச்சம்பழமாக நாலு எடுத்து வாசலில் வைத்தாள். உங்கள் மாமா காரை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில், பழங்களை எட்டுவதற்குச் சற்று முன்பே நிறுத்தினார். காரின் மூக்கில் உங்கள் அம்மா சந்தனப் பொட்டு வைத்தாள். ஒரு ரிப்பனை மாலை மாதிரி கட்டினாள். மாமா ரிமோட்டைப் படியில் வைத்துவிட்டுப் பூசணிக்காய் எடுக்க உள்ளே போனார்.

சூடம் ஏற்றுவதற்கு முன் எல்லா மெஷினும் நின்றிருக்க வேண்டும், பூஜையில் எந்த ஆயுதமும் ஓடக் கூடாது என்பது உங்கள் அம்மாவின் கணக்கு. அவள் பிறந்த வீட்டில் தையல் மெஷினுக்குக்கூட அப்படித்தான். படியில் இருந்த ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். அணைத்தாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்துப் பலகையில் சேர்த்தாள். கார் ஆனிலேயே இருந்தது. அவள் செய்தது எந்தப் பூஜை வீட்டிலும் எல்லாரும் செய்கிறதுதான். ஆபீசர் சொன்னபோது அவள் கடையில் இல்லை.

அதே நேரம் கடைக்குள் டவுன்ஷிப் குடும்பம் ஒன்று பொம்மைக் கார் வாங்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலச் செல் போட்டு அந்த அப்பாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, "பாத்துக்குங்க சார்" என்றேன். அவர் குச்சியைத் தள்ளினார்.

கல்லாப்பெட்டி பக்கத்தில் பொம்மைக் கார் முன்னே ஓடியது. வாசலில் நீலக் கார் துள்ளிப் பாய்ந்தது.

அப்படி ஒரு வேகத்தை அந்தக் காரிடம் நான் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழம் நாலும் நாலு பக்கம் சிதறின. ரிப்பன் பறக்க, தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். எதிரே மீன்கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மா ஒருவர் சட்டென்று விலகினார். கார் விளக்குக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகும் சக்கரங்கள் நிற்கவில்லை. அந்த அம்மா தலைக்கூடையை ஒரு கையால் பிடித்தபடியே குனிந்து, நண்டைப் பிடிப்பது போல் முதுகில் பிடித்து அதைத் தூக்கினார்.

"இன்னாடா இது, கடிக்குமா?"

தெருவே சிரித்தது. நான் ஓடினேன்.

"வண்டி வுடறவங்க ஆளு வச்சி வுடுங்கப்பா! அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்கு மோதுது. புடிச்சி நிறுத்த ஒருத்தன் வாணாம்?"

அந்த அம்மாவுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் காரை வாங்கி அணைத்துவிட்டுத் திரும்பினேன். கடைப் படியில் உங்கள் மாமா நின்றுகொண்டிருந்தார். பூசணிக்காய் அவர் கையில் இருந்து விழுந்து, உடைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே உடைந்து கிடந்தது. அவருடைய வலது கால் மட்டும் படியை அழுத்திக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை. அவர் காலுக்கு அது தெரியவில்லை.

உங்கள் அம்மா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சிரித்தவர்கள் எல்லாம் மெல்லக் கலைந்தார்கள். விபத்து நடந்ததில் இருந்து அதைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

"மிதிச்சேன் மாமா. நல்லா மிதிச்சேன். மிதிச்சிக்கினே கீறேன், வண்டி போய்க்கினே கீது. ரோட்டு மேல அங்கங்க கடலைத் தோலு, சக்கரம் வழுக்குது. அந்தாளு என்னப் பாக்கறாரு. நானும் அவரப் பாக்கறேன். நான் மிதிச்சது அவருக்குத் தெரியாது இல்ல?"

தெரிந்திருக்கும் என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் அம்மா, "ரிமோட்ட நான்தான்டா அணைச்சேன். எனக்குத் தெரியாதுடா" என்று அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ அக்கா. தெரிஞ்சா பண்ண?" என்றார். சொன்னவர் அந்தக் கையை விடவில்லை. தான் சொன்னதைத் தானே மறுபடி கேட்டுப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அப்படித்தானா என்று அவரிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை.

காரில் முன்பக்கச் சக்கரத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை ஒன்று முறிந்திருந்தது. நான் விற்கிற காராக இருந்தால் அன்றோடு குப்பை. உங்கள் மாமா மறுநாள் காலையிலேயே அதைத் துணியில் பரப்பிப் பிரித்துவிட்டார். சந்தனத்தைப் பழைய பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். முறிந்த துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாமா, அந்த கோயமுத்தூர் சார் நம்பர் கீதா?"

எஸ்.டி.டி. பூத்துக்கு இரண்டு பேரும் போனோம். நான்தான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொன்னார். பூஜை, பொட்டு, ரிமோட், மீன்கார அம்மா. அந்தப் பக்கம் அந்த ஆபீசர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு உங்கள் மாமாவும் சிரித்தார். உங்கள் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நெசமா சிரிச்சானா? பல்லு தெரிஞ்சிதா?" என்று கேட்டாள்.

அந்தத் துண்டு வந்துசேர மாதக்கணக்கானது. ஆபீசர் யாரிடமோ சொல்லி, அவர் வேறு யாரிடமோ சொல்லி, வெளிநாட்டில் இருந்து வரவேண்டியிருந்தது. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே உங்கள் மாமா எழுந்து நிற்பார். கடைசியில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு வந்தது. மாட்டினார். கார் ஓடியது.

அதற்குப் பிறகு விடிந்ததும் காரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். அலை வந்து போன ஈர மணல் ரோடு மாதிரி இறுகி இருக்கும். உப்பும் மணலும் காருக்கு ஆகாது என்று சொன்னேன். "கழுவி எண்ண போட்டுக்கலாம் மாமா. இது பிரிக்கற வண்டிதான" என்றார். வந்ததும் அப்படியே செய்வார். பல்சக்கரத்தில் இருந்து மணலை ஒவ்வொரு பருக்கையாக ஊதி எடுப்பார்.

ஒருநாள் பின்னாலேயே போய்ப் படகுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஈர மணலில் நேராக ஓட்டிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு வைத்திருந்தார். குச்சி கிட்டே வரும்போது விரலைத் தளர்த்துவார். கார் மெதுவாகி, குச்சிக்கு முன்னால் நிற்கும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வைப்பார். அங்கே யாரும் இல்லை. யாரோ கடந்து போகக் காத்திருப்பது போல் இருக்கும். பிறகு ஊர்ந்து போகும். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிறுத்துவார். சில தடவை விரல் தப்பி, கார் குச்சியைத் தாண்டி வழுக்கிவிடும். அப்போது கார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்ப்பார். பிறகு எழுந்து முதலில் இருந்து ஓட்டுவார்.

அவர் எந்த ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மழைக்காலம் போய், வெயில் வந்து, மறுபடி ஆயுத பூஜை வந்தது. இந்த முறை கடை வாசலில் பலகை போட்டதும் உங்கள் அம்மா தள்ளி நின்றுகொண்டாள். "நீயே பண்ணுடா. நான் எதையும் தொடல." உங்கள் மாமா காரை ஓட்டி வந்து பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ரிமோட் ஆனிலேயே இருந்தது. பொட்டு வைத்தார்.

அப்போது வேன் ஓனர் வந்தார். வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நம் கடைக்கு எதிரிலேயே நிறுத்தியிருந்தார். அதை எப்படியோ அவரே அதுவரை ஓட்டி வந்திருக்கிறார். வியர்த்துப்போயிருந்தது.

"மச்சான், என் டிரைவரு நேத்தே ஊருக்குப் பூட்டான். செங்கல்பட்டுல ரயில் வுட்டு எறங்கி ஒரு குடும்பம் நிக்கும், வயசானவங்க வேற. நான் ஓட்டுனா அவங்க வூடு போய்ச் சேரமாட்டாங்க. எனக்கோசரம் வாணாம். பழத்து மேல மட்டும் ஏத்தி எறக்கு. மிச்சத்த நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

உங்கள் மாமா படியிறங்கினார். வேனைப் பார்த்தார். போய் முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிரேக் எப்போது பார்த்தது, டயர் எப்போது மாற்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓனர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கிண்டல் பண்ணவில்லை.

"அக்கா, அத்த எடு."

உங்கள் அம்மாவுக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஓடி, சாமி படத்துக்குப் பின்னால் இருந்து லைசென்ஸை எடுத்து வந்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார். உட்கார்ந்து வெகுநேரம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். பிறகு வண்டி அசைந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நான் பார்த்ததில்லை. பழம் நசுங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஏறி, இறங்கி, நின்றது. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

கண்ணாடியை இறக்கினார். "எந்த ரயில்ல வர்றாங்க அண்ணாத்த?"

ஓனர் சொன்னார். உங்கள் அம்மா யாரையும் கேட்கவில்லை. சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் நகரும்போது உங்கள் மாமா தலையை வெளியே நீட்டினார்.

"மாமா, காரும் ரிமோட்டும் ஆன்ல கீது. பாத்துக்கோ."

வேன் கடைத்தெரு முனையில் நின்றது. குறுக்கே ஒரு மாடு போனது. மாடு போய், அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்று, திரும்பி, திருக்கழுக்குன்றம் ரோட்டில் மறைந்தது. ஓனர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

மகளே, நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். கடையில் நான் மட்டும்தான். பண்டிகை நாள், மதியத்தில் யாரும் வரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நீலக் காரை முதலில் அணைத்தேன். அடுத்து ரிமோட்டை எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனவன் அணைக்கவில்லை. அதற்கும் ரோட்டில் போகிற வேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே கல்லாப்பெட்டி மேல் நிறுத்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அன்று யாருக்கும் பொம்மைக் கார் ஓட்டிக் காட்டவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வேன் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. என்ஜின் அணைந்தது. கதவு திறந்தது. உங்கள் அம்மா எதையோ சொல்லிச் சிரிக்கிற குரலும், அதற்கு அவர் பதில் சொல்கிற குரலும் கேட்டன. அவர்கள் படியேறுவதற்கு முன் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். இப்போது அணைத்தேன்.